வேடிக்கை பார்க்க ஸ்டேடியம்... விளையாட எங்கே?

கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போனால் எத்தனை எச்.பி., கரண்ட் எவ்வளவு இழுக்கும், காயில் போனால் ரீவைண்டிங்குக்கு எவ்வளவு ஆகும், ஸ்பேர் பக்கத்திலேயே கிடைக்குமா என்று கடைக்காரரைக் குடைந்து எடுத்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார். ஒரு பம்ப்செட்டுக்கு இத்தனை கேள்வி. ஆனால் ஊருக்கே ஒரு சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம் வருகிறது என்றதும் ஒரே ஒரு கேள்வி கூட வரவில்லை. கைதட்டல் மட்டும்தான் வந்தது.

விஷயம் இதுதான். 2024 ஏப்ரலில், லோக்சபா தேர்தல் பிரசாரம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, கோவையில் சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் ஸ்டேடியம் கட்டப்படும் என்று மு.க.ஸ்டாலின் அறிவித்தார். தேர்தல் முடிந்ததும் இடம் தேடும் படலம். ஒண்டிப்புதூரில் திறந்தவெளிச் சிறைச்சாலைக்குச் சொந்தமான இடத்தைத் தேர்வு செய்தார்கள். 20 ஏக்கருக்கும் மேல். டீக்கடை தோறும் இதே பேச்சு. "தோனி வருவாருங்களா?" என்று கேட்டவர்கள் கூட உண்டு. (பாவம், அவர் ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆகியிருந்தது.)

இது கட்சி விவகாரம் இல்லை. எந்தக் கட்சி சொல்லியிருந்தாலும் ஊர் இதே மாதிரிதான் கைதட்டியிருக்கும், எந்தக் கட்சியும் எதிர்த்துப் பேசத் துணிந்திருக்காது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஸ்டேடியம் வேண்டும் என்பவரின் நியாயம்

முதலில் அந்தப் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடலாம். அது ஒன்றும் அற்பமானது இல்லை.

கோவைக்காரருக்கு ஒரு மனக்குறை ரொம்ப நாளாக இருக்கிறது. வரி கட்டுவதில் முன்வரிசை, வசதி வாங்குவதில் பின்வரிசை என்ற குறை. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது அந்தக் குறை இன்னும் கொஞ்சம் பெரிதானது. 20 லட்சம் ஜனத்தொகை இல்லை என்று காரணம் சொன்னார்கள். "எல்லாம் சென்னைக்கேவா? ஒரு மேட்ச் பார்க்கணும்னாக் கூட 500 கிலோமீட்டர் ரயில்ல போகணுமா?" என்று ஒருவர் கேட்டால் அதில் தப்பே இல்லை. ஸ்டேடியம் வந்தால் லாட்ஜ் நிறையும், ஹோட்டல் நிறையும், ஆட்டோ ஓடும், நிலத்துக்கு மதிப்பு கூடும், பையன்களுக்கும் ஒரு ஆசை வரும். இவையெல்லாம் அவர் சொல்லும் காரணங்கள்.

சரி, ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கலாம். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கும் கணக்குதான், பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம்.

கட்டுகிற காசும் கட்டிய பிறகான காசும்

ஒரு சொத்தை வாங்கும் செலவு ஒரு தரம். அதை வைத்துக் காப்பாற்றும் செலவு வருஷா வருஷம். முதல் செலவுக்குக் கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு. இரண்டாவது செலவுக்கு எதுவும் கிடையாது. அதனால்தான் முதல் செலவைச் செய்ய ஆள் வரிசையில் நிற்கிறது, இரண்டாவதைச் செய்ய ஆளே இல்லை.

பக்கத்து மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம் இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. பார்க்க அவ்வளவு அழகு. அங்கே முதல் சர்வதேச மேட்ச் 2017 நவம்பரில் நடந்தது. அன்று தொடங்கி 2023 நவம்பர் வரை, முழுசாக ஆறு வருஷத்தில், அங்கே நடந்த ஆண்கள் சர்வதேச மேட்ச்கள் மொத்தம் ஆறு. நடுவில் 2019 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை ஒன்று கூட இல்லை. (கொரோனா காலமும் அதில் அடக்கம், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.) 2022 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவுடன் மேட்ச் நெருங்கிக்கொண்டிருக்கும்போது, மின்கட்டண பாக்கிக்காக அந்த ஸ்டேடியத்தின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனது கேரள மின்வாரியம். 2023 ஜனவரியில் இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் இந்தியா நொறுக்கியதும் அதே ஊரில்தான். ஒருநாள் மேட்ச் வரலாற்றிலேயே அப்போது அதுதான் மிகப்பெரிய வெற்றி. டிவியில் பார்த்தவர்களுக்குக் கோலியின் சதத்தோடு சேர்ந்து ஞாபகம் இருப்பது காலி இருக்கைகள்.

இது ஏதோ ஒரு ஊரின் துரதிர்ஷ்டம் இல்லை. 2023 டிசம்பர் 1ம் தேதி ராய்ப்பூரில் இந்தியா - ஆஸ்திரேலியா டி20. அந்த ஸ்டேடியத்துக்கு மூன்று கோடிக்கு மேல் கரண்ட் பில் பாக்கி. கனெக்‌ஷனைத் துண்டித்தே பல வருஷம் ஆகியிருந்தது. ஃப்ளட் லைட்டை ஜெனரேட்டர் வைத்து எரித்தார்கள்.

இரண்டு ஊர், இரண்டு ஸ்டேடியம், இரண்டிலும் கரண்ட் பில். இதைத் தற்செயல் என்று சொல்ல முடியுமா? வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் வருமானம் தரும் சொத்துக்கு 365 நாளும் புல் வெட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், டெப்ரிசியேஷன் வேறு. லாட்ஜ் நிறையும் என்கிறார்களே, எத்தனை ராத்திரி நிறையும் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

20 ஏக்கர் என்றால் எவ்வளவு?

ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். 20 ஏக்கருக்கு 80,940. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 130 சதுர மீட்டர். சுற்றிலும் ஆள் நிற்கவும் ஓடவும் இன்னொரு மடங்கு இடம் விட்டால் ஒரு களத்துக்கு 260. வகுத்துப் பாருங்கள். 311 வருகிறது.

கோவை மாநகராட்சியில் வார்டுகள் 100. ஆக, வார்டுக்கு மூன்று கபடிக் களம்!

ஒண்டிப்புதூரில் போய் 311 கபடிக் களம் போடச் சொல்லவில்லை. அளவு புரிவதற்காக ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஒரே இடத்தில் குவிக்கும் நிலத்தின் அளவு, ஊர் முழுக்கப் பிரித்தால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒண்டிப்புதூர் திருச்சி ரோட்டில் ஊரின் கிழக்கு ஓரம். வடவள்ளிப் பையன் மேற்கில் இருக்கிறான், துடியலூர்ப் பையன் வடக்கில், குனியமுத்தூர்ப் பையன் தெற்கில். ஸ்கூல் விட்டு வந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் விளையாட இவர்களில் யார் ஒண்டிப்புதூருக்கு பஸ் ஏறப் போகிறார்கள்? ஏறிப் போனாலும் சர்வதேச ஆடுகளத்தில் டென்னிஸ் பால் மேட்ச் ஆட யார் விடப் போகிறார்கள்? வாசல் வாட்ச்மேனைத் தாண்டவே முடியாது.

ஏற்கெனவே ஒரு கோப்பை வந்ததே, என்ன ஆச்சு?

"பெரிய மேட்ச் நடந்தால் பையன்களுக்கு ஆசை வரும்" என்ற வாதத்துக்குப் பதில் கோவையிலேயே இருக்கிறது. நேரு ஸ்டேடியத்தைக் கேட்டால் சொல்லும்.

சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு ஃபுட்பால் கிளப். பேரில்தான் சென்னை, ஹோம் கிரவுண்ட் கோவை நேரு ஸ்டேடியம். 2018-19 சீசனில் ஐ-லீக் சாம்பியன். 2019 மார்ச் 9ம் தேதி கடைசி மேட்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது இதே ஊரில்தான். பெட்ரோ மான்சி என்ற வெளிநாட்டு வீரர் அந்த சீசனில் 21 கோல். ஒரு தேசிய லீக் கோப்பையைக் கோவை மண்ணில் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியுமா?

இரண்டே வருஷம். 2020-21 சீசனில் அதே அணி பட்டியலின் கீழ்ப்பாதிக்குப் போனது. அதற்கப்புறம் ஐ-லீகில் அந்தப் பேரே இல்லை. இன்று கோவையில் பத்து பேரை நிறுத்தி அந்தக் கோப்பையைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? ஊரில் தெருத் தெருவாக ஃபுட்பால் ஆடியிருந்தால், ஏரியாவுக்கு ஒரு டீம் இருந்திருந்தால், மேலே ஒரு கிளப் போனாலும் கீழே ஆட்டம் நின்றிருக்காது. கீழே ஒன்றும் இல்லை. அதனால் மேலே இருந்தது போனதும் எல்லாமே போய்விட்டது.

கிரிக்கெட்டிலும் ஊர் ஒன்றும் வறண்டு கிடக்கவில்லை. எஸ்.என்.ஆர். காலேஜ் மைதானத்தில் டி.என்.பி.எல். மேட்ச்கள் நடந்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் சௌராஷ்டிராவுடன் தமிழ்நாடு ஆடிய ரஞ்சி டிராபி காலிறுதியும் அங்கேதான். லைகா கோவை கிங்ஸ் 2023ல் டி.என்.பி.எல். கோப்பையையே வாங்கியது. நல்ல ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் பார்க்க இடம் இருக்கிறது. ஆடத்தான் இடம் இல்லை.

ஃபோனில் புக் பண்ணு, மணிக்குக் காசு கட்டு

இடம் இல்லை என்றால் பசங்க சும்மா இருப்பார்களா? சந்தை சும்மா விடுமா? கடந்த சில வருஷங்களாக ஊரெங்கும் டர்ஃப் முளைத்திருக்கிறது. பச்சை பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை, ராத்திரி லைட். ஃபோனிலேயே ஸ்லாட் புக் பண்ணலாம், ஜிபேயில் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். டெக்னாலஜி நன்றாகத்தான் வேலை செய்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு ஆயிரம் ரூபாய், பத்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு நூறு. வாரம் இரண்டு நாள் ஆடினால் மாசம் எண்ணூறு. ஐ.டி. கம்பெனியில் இருப்பவருக்கு அது ஒரு பிரியாணிச் செலவு. கணபதியில் லேத் பட்டறைக்குப் போகிறவரின் பையனுக்கு? அப்பாவிடம் மாசம் எண்ணூறு ரூபாய் "வெளாட" என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று எழுதத் தேவையில்லை.

டர்ஃப் நடத்துகிறவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் இடத்துக்கு வாடகை கட்டுகிறார், கரண்ட் பில்லும் கட்டுகிறார் (இதைக் கவனிக்க வேண்டும்!). விளையாட்டை மணிக்கணக்கில் விற்க முடிகிறது என்றால் அதை இலவசமாகத் தர வேண்டியவர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். மாநகராட்சி ஸ்கூல் மைதானங்கள் பல இடங்களில் மணி அடித்ததும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு. ஸ்கூல் நடக்கும்போது? பி.ஈ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். பையனாவது ரோட்டில் மூன்று செங்கல் அடுக்கி ஸ்டம்ப் வைத்து ஆடிவிடுவான். ஆறு மணிக்கு மேல் லைட் இல்லாத, டாய்லெட் இல்லாத இடத்துக்கு எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? 30 ஆயிரம் இருக்கை போடுவதற்கு முன்னால் ஒரு டாய்லெட்டைப் பற்றி யோசித்தால் ஊரின் பாதிப் பேர் விளையாட வருவார்கள்.

இந்த ஊர் வேலை செய்கிற விதமே வேறு

வேடிக்கை என்னவென்றால், தேவை முதலில், மெஷின் அப்புறம் என்பதுதான் கோவையின் குணம். இட்லி மாவை ஆட்டி ஆட்டிப் பெண்கள் கை ஓய்ந்த காலத்தில், 1955ல் இந்த ஊர் சபாபதி என்பவர் மோட்டாரில் ஓடும் வெட் கிரைண்டரைச் செய்தார். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அவர் முதலில் கிரைண்டர் மியூசியம் கட்டிவிட்டு, பிறகு மாவு ஆட்ட ஆள் தேடவில்லை.

விளையாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராக இறங்கிய நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அவர் எப்படி வந்தார்? 1980களின் கடைசியில் எஸ்.கரிவரதன் என்ற கோவைக்காரர், மாருதி 800 இன்ஜினை வைத்து விலை குறைந்த ரேஸ் கார் ஒன்றை இங்கேயே வடிவமைத்துக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பேர். வெளிநாட்டுக் காரை இறக்குமதி பண்ணப் பணம் இல்லாத பையன்களும் ரேஸ் ஓட்ட முடிந்தது. நரேன் தன் முதல் ரேஸை ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பேரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தது 2003ல்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் பலர் ஓட்டக்கூடிய மலிவான கார். அப்புறம் ஓட்டுகிறவர்கள். அப்புறம்தான் டிராக்.

இன்னொரு உதாரணம், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுப் பழகியவர். 2020-21 ஆஸ்திரேலியா டூரில் ஒரே டூரில் மூன்று வகை மேட்சிலும் அறிமுகமானார். கையில் காசு வந்ததும் அவர் செய்தது என்ன? தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அடியிலிருந்து வந்தவருக்கு எது முதலில் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

தேவையை விட்டுவிட்டு மெஷினை முதலில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்.எஸ்.புரம் டி.பி.ரோட்டைப் பார்த்தால் போதும். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் 40 கோடிக்கு மேல் செலவழித்து, சுமார் 370 கார் நிறுத்த அடுக்குமாடி பார்க்கிங் கட்டி 2022ல் திறந்தார்கள். காரைத் தூக்கி அடுக்கும் மெஷின் எல்லாம் உண்டு. திறந்த பிறகும் கார்கள் வழக்கம் போல ரோட்டோரத்திலேயே நின்றன.

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்?

"ஏனுங்க, ரெண்டும் வேணும்னா ஆகாதுங்களா?" என்று ஒருவர் கேட்பார். ஆகும். தாராளமாக ஆகும். ஆனால் எது முதலில் என்பதுதான் கேள்வி. 2010 ஜூனில் செம்மொழி மாநாடு கோவையில் நடந்தபோது காந்திபுரம் சிறை வளாகத்தில் செம்மொழிப் பூங்கா என்று அறிவித்தார்கள். 45 ஏக்கரில், 208 கோடி ரூபாயில் அது திறக்கப்பட்டது 2025 நவம்பரில். பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநாட்டின்போது ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை, வேலைக்கே போய்விட்டது. பெரிய திட்டத்துக்குப் பதினைந்து வருஷம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு விளையாடுகிற வயசு அதற்குள் முடிந்துவிடும்.

சின்ன வேலைகள் நாளைக்கே தொடங்கக்கூடியவை.

ஒன்று, ரிசர்வ் சைட். லே-அவுட் போடும்போது ரோடு போக மிச்ச நிலத்தில் பத்து சதவீதம் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி (சின்ன லே-அவுட்டுக்கு விலக்கோ, பணமாகக் கட்டும் வழியோ உண்டு). கோவையில் அதைத்தான் ரிசர்வ் சைட் என்கிறார்கள். ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையோடு சேர்ந்தே அது பேப்பரில் வரும். 100 வார்டிலும் எங்கெங்கே, எத்தனை சென்ட், இப்போது அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். நிலம் வாங்கக் கூட வேண்டியதில்லை, ஏற்கெனவே ஊருக்குச் சொந்தமான நிலம்.

இரண்டு, ஸ்கூல் மைதானத்தின் சாவி. சாயங்காலம் ஐந்து முதல் எட்டு, ஞாயிற்றுக்கிழமை முழு நாள். ஒரு வாட்ச்மேன், இரண்டு லைட், ஒரு குழாய், ஒரு டாய்லெட்.

மூன்று, பராமரிப்புக்குத் தனிக் கணக்கு. 234 சட்டசபைத் தொகுதியிலும் மினி ஸ்டேடியம் என்று 2022ல் தமிழக அரசு சொன்னது. 2024ல் கிராம ஊராட்சிகளுக்கு மட்டை, பந்து எல்லாம் அடங்கிய கிட் கொடுக்கத் தொடங்கியது. யோசனை நல்லதுதான். ஆனால் மட்டை உடைந்தால் அடுத்த மட்டைக்குப் பணம் எந்தத் தலைப்பில் வரும், புல்லை யார் வெட்டுவது என்று பட்ஜெட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். ரிப்பன் வெட்டும் செலவுக்குப் பக்கத்திலேயே அந்த வரியும் இருக்கட்டும்.

இதெல்லாம் செய்துவிட்டு, வார்டுக்கு வார்டு டீம் வந்து, ஆட இடம் போதாமல் பசங்க சண்டை போடும் நிலைமை வரட்டும். அன்றைக்கு 20 ஏக்கர் என்ன, 40 ஏக்கரில் கட்டினாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அதுவரை, ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஸ்டேடியம் என்று ஆரம்பித்தால் கோவைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அதிருக்கட்டுங்க, எங்க வார்டு ஸ்கூல் கிரவுண்டு சாவி யார்கிட்ட இருக்குதுங்க?"